தெருவில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு உதவ நினைக்கிறேன், எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி கேட்டவர் மார்த்தாண்டம் பக்கம் இருக்கிறார், வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர். அவர் தெருவில் ஏழெட்டு வீடுகளில் வயதானவர்கள் மட்டும்தான், பிள்ளைகள் வளைகுடாவிலும் பெங்களூரிலும். மருந்து வாங்குவது, பில் கட்டுவது மாதிரி வேலைகளை நண்பர்கள் நாலைந்து பேரோடு சேர்ந்து செய்து கொடுக்க ஆசை. எப்படித் தொடங்குவது, எங்காவது பதிவு செய்ய வேண்டுமா, போய்க் கேட்டால் "ஒண்ணும் வேண்டாம்" என்று கதவைச் சாத்துகிறார்களே என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். நான் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன், தக்கலை பக்கம். எங்கள் தெருக்காரர்கள் சில பேர் சேர்ந்து இதே வேலையைச் சில வருடங்களாகச் செய்து வருகிறோம், அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

கடைசிக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், அதுதான் கஷ்டமானது, மற்றதெல்லாம் செய்யச் செய்ய வந்துவிடும். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் தனியாக இருக்கும் பெரியவர்களில் நிறைய பேருக்குக் காசுக்குக் குறைவில்லை, கைக்குத்தான் குறைவு. மாடி வீடு, கிரானைட் தரை, எந்நேரமும் பூட்டிக் கிடக்கும் பெரிய கேட், உள்ளே ஒரு அம்மாவோ ஒரு பாட்டாவோ. துபாயிலிருந்து மாதாமாதம் பணம் வந்து விழுகிறது, ஹாலில் எரியாத டியூப்லைட்டை மாற்ற ஆள் இல்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், நர்ஸ்கள், நாலு பேருக்கு வேலை கொடுத்து ரப்பர் தோட்டம் நடத்தியவர்கள் என்று வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களுக்குச் செய்தே பழகியவர்கள் இவர்கள். அவர்கள் வாசலில் நாலு பையன்கள் ஒரே நிற டீஷர்ட் போட்டு வந்து நின்று "உங்களுக்கு உதவ வந்திருக்கோம்" என்றால் அது தர்மம் வாங்கச் சொல்வது மாதிரி இருக்கும். பயமும் உண்டு. குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்தவன் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனான் என்று பேப்பரில் படித்துக்கொண்டேதானே இருக்கிறார்கள். ஆக, முதல் தடவை வேண்டாம் என்பவர் விவரத்தோடுதான் சொல்கிறார். வருத்தப்பட அதில் ஒன்றுமில்லை.

அதனால் உதவி என்று கிளம்பிப் போகாதீர்கள். உங்கள் வேலையாகப் போகிற வழியில் கேளுங்கள். "நாளைக்குக் காலையில சந்தைக்குப் போறேன், மரக்கறி ஏதாவது வாங்கணுமா" என்றால் அதற்குச் சரி என்று சொல்வது சுலபம். அதைவிட நல்லது, முதலில் நீங்கள் அவர்களிடம் ஏதாவது கேட்பது. கொஞ்சம் கறிவேப்பிலை, ஒரு முருங்கைக் கொம்பு, பழைய நிலத்து எல்லை பற்றி ஒரு சந்தேகம். கொடுத்த கைக்கு வாங்குவதில் கூச்சம் குறைவு. அப்புறம், தெரிந்த ஒருவர் வழியாகப் போவது. கத்தோலிக்கர் வீடு என்றால் அன்பியத்தில், அதாவது அந்தத் தெருவின் சர்ச் குழுவில், யார் முன்னே நிற்கிறார் என்று பாருங்கள், சிஎஸ்ஐ சபை என்றால் சபைப் பெண்கள் சங்கம், திருவிதாங்கோடு, குளச்சல் மாதிரி ஊர்களில் ஜமாத், ஐயாவழிக்காரர் என்றால் அவர்கள் கும்பிடப் போகும் பக்கத்து நிழல்தாங்கல், கோவில் கமிட்டி. சாதி, மதம் எல்லாம் பார்த்துத்தான் கதவு திறக்கும் என்று நான் சொல்லவில்லை, ஆனால் முதல் அறிமுகத்துக்கு அது வழி, பிறகு யாரும் அதை நினைப்பதில்லை. இவர்கள் எல்லாரையும் விட நல்ல வழி பால் ஊற்றுகிறவர். எந்த வீட்டில் யாருக்கு முடியவில்லை என்று அவருக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது.

பிள்ளைகளிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். இதைத் தவிர்த்தால் பின்னால் வம்பு. ஒரு வேற்று ஆள் அம்மாவைப் பார்க்க அடிக்கடி வருகிறான் என்று பக்கத்து வீட்டுக்காரர் குவைத்துக்குப் போன் போட்டுச் சொன்னால் மகன் மனதில் முதலில் வருவது சொத்துதான். நீங்களே வீடியோ காலில் முகத்தைக் காட்டி, இன்னார் மகன், இன்ன வீடு, வாரத்தில் இந்த நாள் வருவேன், இந்த வேலை செய்வேன், பணம் கையாள மாட்டேன் என்று சொல்லிவிட்டால் அவர்களுக்கே பெரிய நிம்மதி. அழைப்பதிலும் கவனம் வேண்டும். முப்பது வருடம் பள்ளிக்கூடம் நடத்தியவரைப் போய்ப் பாட்டி என்று கூப்பிடாதீர்கள், டீச்சர் என்று கூப்பிடுங்கள், அன்றைக்கே பாதி வேலை முடிந்தது.

அடுத்தது நாள். சனிக்கிழமை காலை பத்து மணி என்றால் சனிக்கிழமை காலை பத்து மணி. எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்று சொல்வது பெரிய மனது மாதிரித் தெரியும், ஆனால் யாரும் கூப்பிட மாட்டார்கள், தொந்தரவு செய்கிறோமோ என்று தயங்குவார்கள். குறிப்பிட்ட நாள் வருகிற ஆளிடம் அந்தத் தயக்கம் இல்லை, வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு தாளில் எழுதி வைக்க ஆரம்பிப்பார்கள். எங்கள் தெருவில் ஒரு டீச்சர் பல வாரம் "ஒண்ணும் வேண்டாம் மக்களே, இருந்து ஒரு சாயா குடிச்சிட்டுப் போ" என்றே அனுப்பிக்கொண்டிருந்தார். ஒருநாள் சாயா கிளாஸை வைத்துவிட்டு, பரணில் ஒரு அண்டா இருக்கிறது, அதற்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டி இருக்கும், எடுத்துத் தர முடியுமா என்றார். கணவர் இறந்த பிறகு அந்தப் பரணில் யாரும் கை வைக்கவில்லை. பெட்டிக்குள் வீட்டுப் பத்திரமும் கணவரின் பென்ஷன் புத்தகமும் இருந்தன. குடும்ப ஓய்வூதியத்தில் ஏதோ திருத்தத்துக்காக அந்தப் புத்தகத்தைக் கேட்டு ஒரு கடிதம் வந்து பல மாதம் ஆகியிருக்கிறது. அந்த ஒரு வேலையைச் சொல்வதற்கு அத்தனை சாயா தேவைப்பட்டது.

என்னென்ன வேலை வரும் என்றால் நீங்கள் நினைப்பது ஒன்று, வருவது வேறு. மருந்தும் பில்லும் இப்போது போனிலேயே முடிந்துவிடுகிறது, நாடு கடந்து இருக்கும் பிள்ளையே கரண்ட் பில் கட்டிவிடுகிறான். போனில் முடியாத வேலைகள்தான் தேங்கி நிற்கும். தென்னையில் தேங்காய் முற்றித் தொங்குகிறது, கீழே ஓட்டுக் கூரை, "வெட்ட ஆளு கிட்டல்ல" என்பது இங்கே பெரிய கவலை. மரமேறுகிற ஒருவரைப் பேசி, தெருவுக்கு மொத்தமாக ஒரே நாளில் வரவைத்துவிட்டால் ஐந்தாறு வீட்டுக் கவலை ஒரு காலையில் தீரும். கிணற்று மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. சிலிண்டர் மாற்றி ரெகுலேட்டர் மாட்டக் கையில் வலு இல்லை. மேல் தொட்டி கழுவி வருடமாகிறது. குளியலறையில் பாசி, வழுக்குகிறது. இந்த வழுக்கல் ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி, கீழே ரப்பர் விரிப்பு, ராத்திரி கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன லைட். வயதானவர் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அதற்குப் பிறகு தனியாக இருப்பது என்பதே முடியாமல் போய்விடும், அத்தனைக்கும் காரணம் ஒரு கைப்பிடிக் கம்பி இல்லாததாக இருக்கும்.

ஆனால் ஒன்று, அவர்களால் முடிகிற வேலையைப் பிடுங்கிச் செய்யாதீர்கள். மீன்காரியிடம் சாளைக்கு விலை பேசுவது அவருக்குப் பொழுதுபோக்கு, அதை நீங்கள் வாங்கி வந்து பிரிட்ஜில் வைத்தால் அவர் யாரிடம் பேசுவார்? கூடையைத் தூக்க முடியவில்லை என்றால் கூடையை மட்டும் தூக்குங்கள்.

இருப்பதிலேயே பெரிய தேவை ஆஸ்பத்திரிக்குத் துணை. அதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை, அரைநாள் போய்விடும் என்பதால். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜோ, குழித்துறை, தக்கலை அரசு ஆஸ்பத்திரியோ, காலையிலேயே போய் ஓபி சீட்டு எடுத்து, எந்த அறை என்று விசாரித்து, ரத்தப் பரிசோதனைக்கு ஒரு கட்டடம், எக்ஸ்ரேக்கு வேறு கட்டடம் என்று நடப்பதே எழுபது வயதுக்காரருக்குப் பாதி உயிரை எடுத்துவிடும். துணைக்குப் போகிறவர் முந்தைய நாளே அவரிடம் உட்கார்ந்து டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிக்கொள்ள வேண்டும், டாக்டர் சொன்ன பதிலையும் அங்கேயே எழுத வேண்டும். டாக்டர் உங்களைப் பார்த்துப் பேச ஆரம்பித்தால், "அவங்ககிட்டயே சொல்லுங்க டாக்டர், நல்லா காது கேக்கும்" என்று திருப்பி விடுங்கள்.

மருந்து விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லணும். நம்ம ஆட்களுக்கு ஒரு வழக்கம், நாகர்கோவிலில் ஒரு டாக்டர், மனசு கேட்காமல் திருவனந்தபுரத்தில் இன்னொரு டாக்டர். இரண்டு சீட்டு, இரண்டு மருந்துக் கடை, மருந்துப் பெட்டியில் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். ஒருநாள் பொறுமையாக அத்தனை அட்டைகளையும் மேசையில் பரப்பி, பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு அதன் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படித்துப் பாருங்கள். நீல அட்டையிலும் டெல்மிசார்டான், வெள்ளி அட்டையிலும் டெல்மிசார்டான் என்று இருந்தால் அவர் ஒரே பிரஷர் மாத்திரையை இரண்டு பெயரில் விழுங்கிக்கொண்டிருக்கிறார், காலையில் எழுந்ததும் தலை சுற்றுகிறது என்று சொல்வது அதனாலும் இருக்கலாம். கண்டுபிடித்ததும் நீங்களே ஒன்றை நிறுத்திவிடாதீர்கள். இரண்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு ஒரு டாக்டரிடம் காட்டி அவர் சொன்ன பிறகுதான். தேதி முடிந்தவற்றைத் தனியே வைக்கலாம், மிச்சத்தைக் காலை, மதியம், இரவு என்று கட்டம் போட்ட டப்பாவில் வாரத்துக்கு ஒருமுறை பிரித்து வைக்கலாம், அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. இன்சுலின் போடுகிறவர் என்றால் பிரிக்காத மருந்து பிரிட்ஜின் கதவிலோ நடுத் தட்டிலோ இருக்கட்டும், ஐஸ் உறையும் பெட்டிக்குள் போய்விடக் கூடாது. சர்க்கரை உள்ளவர் காலில் நகம் வெட்டச் சொன்னால் ஓரத்தைக் குடைந்து வெட்டாதீர்கள், அந்தச் சின்னப் புண் ஆறாமல் பெரிய கதையாகிவிடும். காலில் புண் ஏதாவது கண்ணில் பட்டால் அதே வாரம் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அடுத்து அரசாங்க வேலைகள். நீங்கள் தூக்கிச் சுமக்கிற பாதி வேலை ஏற்கெனவே வீட்டுக்கே வந்து செய்து கொடுக்கும்படி இருக்கிறது, கேட்டு வாங்கிக் கொடுப்பதுதான் பாக்கி. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டிலிருந்து இருக்கிறது, பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும், படுக்கையில் இருப்பவருக்கு வலி நிவாரண கவனிப்பும் பிசியோதெரபியும் அதில் உண்டு. உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயர் கொடுத்தால் போதும். வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள் வீட்டு வாசலுக்கு வரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது, பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். பட்டியலில் வராதவர், நடக்க முடியாதவர் என்றால் தன் சார்பில் பொருள் வாங்க இன்னொருவரை நியமிக்கும் அங்கீகாரப் படிவம் இருக்கிறது, அதைப் பூர்த்தி செய்து கொடுக்கலாம்.

கைரேகை விழாத பிரச்சினை நம்ம பக்கம் கொஞ்சம் கூடுதல். முந்திரி ஆலையில் வருடக்கணக்கில் கொட்டை உடைத்த பெண்களின் விரல் நுனியை அந்தத் தோட்டு எண்ணெய் பொசுக்கியிருக்கும், ரேகை என்று சொல்ல ஒன்றும் மிச்சமிருக்காது. ரேஷன் கடை மெஷின் நாலு தடவை மறுத்ததும் அந்த அம்மா தன்மேல்தான் ஏதோ குற்றம் என்று கூசிக்கொண்டு திரும்பிவிடுவார். அங்கே கூட நிற்க ஒரு ஆள் இருந்து, கண் ரேகை எடுக்கிற கருவி இருக்கிறதா, வேறு வழி என்ன என்று குரல் உயர்த்தாமல் கேட்டாலே வேலை நடக்கும். பென்ஷன்காரர்களின் உயிர்வாழ் சான்றுக்கும் இப்போது விரல்தான் வேண்டும் என்றில்லை, ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டியே கொடுக்கலாம், உங்கள் போனிலேயே முடியும். போன் வேண்டாம் என்றால் தபால்காரர் வீட்டுக்கு வந்து எடுத்துக்கொடுப்பார், கட்டணம் 70 ரூபாய். மத்திய அரசு பென்ஷனுக்கு நவம்பர், 80 தாண்டியவர்களுக்கு அக்டோபர் 1 முதலே எடுக்கலாம். மாநில அரசு என்றால் அவர்கள் ஓய்வு பெற்ற மாதம். பிஎஃப் பென்ஷனுக்கு எப்போது கொடுத்தாலும் அதிலிருந்து ஒரு வருடம். இந்தத் தேதிகளை வீட்டு வாரியாக ஒரு காலண்டரில் குறித்து வைத்தால் பென்ஷன் நின்று போய் அலைகிற அலைச்சல் வராது.

நான் இருந்த துறை என்பதால் வங்கி பற்றி ஒரு விஷயம், இது பலருக்குத் தெரியாது, கவுண்டரில் இருப்பவருக்கே சில சமயம் மறந்திருக்கும். 70 தாண்டியவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் வீட்டுக்கே வந்து அடிப்படைச் சேவை செய்ய ஏற்பாடு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் எல்லா வங்கிகளுக்கும் சொல்லியிருக்கிறது. கையெழுத்துப் போட முடியாமல் படுக்கையில் இருப்பவர் பெருவிரல் ரேகை வைத்துப் பணம் எடுக்கலாம், கை முடியாவிட்டால் கால் பெருவிரல் கூட ஏற்கப்படும், வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். வங்கிக்கே வர முடியாது என்றால் யார் வந்து பணத்தை வாங்கிக்கொள்வார் என்று அவரே குறிப்பிடலாம். ஆகவே ஆளைத் தூக்கிக்கொண்டு வந்தால்தான் ஆகும் என்று யாராவது சொன்னால், மேலாளரைப் பார்த்து இந்த விதியைச் சொல்லி ஒரு மனு எழுதிக் கொடுங்கள். சண்டை வேண்டாம், மனுவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும், அது போதும்.

அதே வங்கி அனுபவத்தில் இன்னொன்றும் சொல்கிறேன், கண்டிப்பாகவே. ஏடிஎம் கார்டைக் கையில் வாங்காதீர்கள், பின் நம்பரை அவரே சொல்ல வந்தாலும் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். "நீ என் பிள்ளை மாதிரி, நீயே எடுத்துட்டு வா" என்பார், அன்பாகத்தான் சொல்வார், முடியாது என்று அன்பாகவே சொல்லணும். கடைக்குப் போக அவர் தரும் பணத்துக்கு வீட்டிலேயே ஒரு நோட்டு வையுங்கள், வாங்கியது, செலவு, மீதி, பில்லை அந்தப் பக்கத்திலேயே ஊசி குத்தி வையுங்கள். பத்து ரூபாய் மீதி என்றாலும் எழுதுங்கள். நோட்டு அவர் வீட்டில் இருக்கட்டும், உங்கள் கையில் வேண்டாம். உயில், பத்திரம், நிலம் எதற்கும் சாட்சிக் கையெழுத்துப் போடாதீர்கள். பிறந்தநாளுக்கு ஒரு வேட்டி கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், மோதிரம் கொடுத்தால் வாங்கக் கூடாது. போனில் போலீஸ் என்றும் சுங்கத்துறை என்றும் மிரட்டி வீடியோ காலிலேயே கைது என்று சொல்லிப் பணம் பறிக்கும் கூட்டம் தனியாக இருப்பவர்களைத்தான் தேடுகிறது, அப்படி ஒரு கைது சட்டத்தில் கிடையாது என்பதை வாரம் ஒருமுறை பேச்சோடு பேச்சாகச் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930, ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

நீங்கள் கேட்டது கேட் பூட்டிய வீடுகளைப் பற்றி, ஆனால் மாவட்டம் முழுக்க அப்படி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். முந்திரி ஆலைக்கோ ரப்பர் பால் வெட்டவோ மகளும் மருமகளும் விடிகாலையில் போய்விட, பகல் முழுக்கப் படுக்கையில் தனியாகக் கிடக்கும் பெரியவர்கள் உண்டு. அங்கே பகல் பன்னிரண்டு மணிக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்து ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க ஒரு ஆள்தான் தேவை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் ஆண்கள் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார்கள், அங்கே பெண்களும் சர்ச்சின் பங்கு அமைப்பும் ஏற்கெனவே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள், வெளியிலிருந்து போகிறவர் அவர்கள் சொல்வதைக் கேட்டுச் செய்தால் போதும். பேச்சிப்பாறைக்கு மேலே காணி பழங்குடியினர் குடியிருப்புகளில் நிலைமை வேறு, அதை எனக்குத் தெரிந்தவனாக இங்கே பேசப் போவதில்லை.

மழை. நமக்கு ஜூனிலும் உண்டு, ஐப்பசி கார்த்திகையிலும் உண்டு, இரண்டு பக்கமும் வாங்குகிற மாவட்டம். 2017 நவம்பர் 30 ஒக்கி புயல் வந்த நாளை இங்கே யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டாம். மரங்கள் சாய்ந்து வழி அடைத்து, பல ஊர்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை, மோட்டார் ஓடாததால் தொட்டியில் தண்ணீர் இல்லை. வாளியும் கயிறும் இருந்த கிணற்று வீடுகள் தப்பித்தன. அதிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டது, புரட்டாசி முடிவதற்குள் ஒரு பட்டியல். யார் படுக்கையில், யாருக்கு ஆக்ஸிஜன் மெஷின், யாருக்கு டயாலிசிஸ் நாள், யார் வீட்டுக்குச் சாய்ந்த மரம், சாவி யாரிடம், பிள்ளை நம்பர் என்ன. போனில் மட்டும் வைக்காதீர்கள், தாளில் எழுதி மூன்று வீட்டில் வையுங்கள். எச்சரிக்கை வந்த அன்று பத்து நாள் மருந்து, குடிநீர், மெழுகுவர்த்தி, சார்ஜ் போட்ட பவர் பேங்க். பிரிட்ஜ் நின்றால் இன்சுலினை ஒரு பாலித்தீன் கவரில் கட்டி ஈர மண்பானைக்குள் வைத்தால் தாங்கும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை நம்பர் 1077, எல்லார் வீட்டுச் சுவரிலும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

தினமும் போய்ப் பார்க்க முடியாது, அதற்கு மிஸ்டு கால் முறை இருக்கிறது. காலை ஏழு மணிக்குள் அந்தப் பெரியவர் உங்களில் ஒருவருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும், எட்டு வரை வரவில்லை என்றால் யாராவது போய்ப் பார்ப்பார்கள். செலவே இல்லாத ஏற்பாடு, இதனால் உயிர் பிழைப்பவர்கள் உண்டு. விழுந்து கிடந்தால் கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் எலும்பு முறிந்திருக்கும், அப்படியே போர்த்திவிட்டு 108 கூப்பிடுங்கள். வாய் கோணியிருக்கிறது, ஒரு கை தொங்குகிறது, பேச்சு குழறுகிறது என்றால் கஷாயம், தைலம் என்று எதிலும் நேரத்தை விடாதீர்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள்தான், அதனால் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். அதைத்தான் டாக்டர் முதலில் கேட்பார்.

உடம்பைத் தொட்டுச் செய்கிற வேலை, புண் துடைப்பது, டியூப் வழியாகக் கஞ்சி கொடுப்பது, இதெல்லாம் பயிற்சி இல்லாமல் வேண்டாம். பயிற்சி தூரத்தில் இல்லை. களியக்காவிளை தாண்டினால் கேரளா, அங்கே கோழிக்கோட்டில் 1993ல் தொடங்கிய வலி நிவாரண இயக்கம் பிறகு அக்கம்பக்கத்தாரே நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வலைப்பின்னலாக மலப்புரம் பக்கம் வளர்ந்தது. வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிகிற சாதாரண ஆட்களுக்கு 16 மணி நேர வகுப்பும் கூடவே நோயாளி வீடுகளில் செய்முறைப் பயிற்சியும் கொடுத்துத்தான் அதை வளர்த்தார்கள். திருவனந்தபுரத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் 2003ல் தொடங்கிய பாலியம் இந்தியா என்ற வலி நிவாரண அமைப்பு இருக்கிறது, உங்களில் இரண்டு பேர் அங்கே பயிற்சி பற்றி விசாரித்துப் போய் வந்தால் மற்றவர்களுக்கு நீங்களே சொல்லிக்கொடுக்கலாம். மார்த்தாண்டத்திலிருந்து பஸ்ஸில் போய்விட்டு மாலையில் வீடு திரும்பிவிடலாம்.

சில வீடுகளில் வேறு மாதிரி விஷயம் கண்ணில் படும். பிள்ளை வீட்டிலேயே இருக்கிறான், ஆனால் சாப்பாடு ஒழுங்காக இல்லை, அடி விழுந்த தடம் இருக்கிறது, எழுதிக் கொடுத்துவிட்டு இப்போது ஒரு அறையில் ஒதுங்கிக் கிடக்கிறார். நியாயம் கேட்கப் போகாதீர்கள், போனால் அடுத்த நாளிலிருந்து உங்களை உள்ளே விட மாட்டார்கள், அவருக்கு இருந்த ஒரு ஜன்னலும் அடைபட்டுவிடும். 14567 முதியோர் உதவி எண், காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை. 2007ம் வருடத்துச் சட்டப்படி கோட்டாட்சியர் அளவில் தீர்ப்பாயம் இருக்கிறது, கவனித்துக்கொள்வேன் என்ற நிபந்தனையில் எழுதி வாங்கிவிட்டுக் கைவிட்டால் அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். மனு போடுவது அவர் முடிவு. பலர் போட மாட்டார்கள். போட வைப்பதற்காக அழுத்தாதீர்கள், வழி இருக்கிறது என்று தெரிந்தாலே சிலருக்குத் தைரியம் வரும்.

போட்டோ எடுக்காதீர்கள். படுக்கையில் கிடக்கும் பாட்டாவுக்கு வாழைப்பழச் சீப்புக் கொடுப்பது போல ஒரு படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டால், அதைச் சவூதியில் இருக்கும் மகனும் பார்ப்பான், ஊரும் பார்க்கும். அந்த வீட்டுக் கதவு அத்தோடு போச்சு. பெண்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கு இரண்டு பேராகப் போங்கள், ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். ஒரு வீட்டில் கேட்டதை அடுத்த வீட்டுச் சாயாவோடு பேசாதீர்கள். உங்கள் ஆட்களில் யாருக்காவது பரீட்சை, கல்யாணம், வேலை மாற்றம் என்று வரத்தான் செய்யும், சொல்லாமல் நின்றுவிடுவதுதான் தப்பு. அடுத்து வரப்போகிறவரை ஒருமுறை கூட்டிக்கொண்டு போய் அறிமுகப்படுத்திவிட்டு விலகினால் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை.

பதிவு செய்யணுமா என்றால், இந்த அளவுக்குத் தேவையே இல்லை. ஏழு பேர் இருந்தால் 1975ம் வருடத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதியலாம்தான், ஆனால் அதோடு தலைவர், செயலாளர், ஆண்டறிக்கை, யார் தலைவர் என்ற சண்டை எல்லாம் கூட வரும். வெளியே பணம் வசூலிக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் அதை யோசியுங்கள், பெட்ரோல் காசை அவரவர் போட்டுக்கொள்கிற வரை ஒரு வாட்ஸ்அப் குழு போதும். உங்கள் ஐந்து பேர் பெயரும் போன் நம்பரும் ஒரு தாளில் எழுதி போலீஸ் ஸ்டேஷனிலும் கிராம சுகாதார செவிலியரிடமும் கொடுத்து வையுங்கள், பிள்ளைகளிடம் பேசும்போது அதைச் சொன்னால் நம்பிக்கை கூடும். ஏழெட்டு வீட்டையும் ஒரேயடியாக எடுக்காதீர்கள், இரண்டு போதும், மிச்ச வீட்டுக்காரர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள், தானாகக் கூப்பிடுவார்கள். அந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் இன்றைக்கு ராத்திரியே பேசுங்கள். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், ஒன்பது மணிக்கு மேல் கூப்பிட்டால் டூட்டி முடிந்து அறைக்கு வந்திருப்பார்கள்.